சிலிண்டர் இல்லாத காஸ் அடுப்பு

ஆலங்குடாவில் என் அக்கா ராத்தாவின் குசினிக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் காஸ் அடுப்புத்தான். விறகடுப்புக்கு எதிரே ஒரு சின்ன மேசை, அதன்மேல் அடுப்பு, அடுப்புக்கு மேல் ராத்தா தானே தைத்த பூப்போட்ட உறை. குழாய்கூடப் பூட்டிக் கிடக்கிறது. சிலிண்டர் மட்டும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் கொதித்தது கிடையாது. “என்ன ராத்தா, பார்க்கிறதுக்கா வாங்கி வச்சீங்க?” என்று அயலில் உள்ள பெண்கள் கேலி செய்தால், முன்பெல்லாம் அவர் சட்டென்று சொல்லுவார்: “எங்கட காஸ் வரட்டும், பத்த வைப்பன்.” இப்போது யாரும் கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை.

தொண்ணூறில், சண்டைக்குள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வந்து புத்தளத்தின் இந்தக் கரையில் ஓலைக் கொட்டில் போட்ட குடும்பம் எங்களுடையது. வாப்பாவும் உம்மாவும் அந்தக் கொட்டிலிலேயே மௌத்தானார்கள். பிறகு என்னை வளர்த்தது ராத்தா. படிப்பித்தது ராத்தாவின் கணவர், என் மச்சான். அந்த மனிதர் கட்டாரில் லொறி ஓட்டிய உழைப்பில்தான் நான் பல்கலைக்கழகம் போய்ப் பாறைகளைப் பற்றிப் படித்தேன். கலியாணம் முடித்த காலத்தில் பாதிக்கு மேல் அவர்கள் இருவரும் ஃபோனில்தான் குடும்பம் நடத்தினார்கள். ராத்தாவுக்கு உலகத்தில் ஒரேயொரு ஆசைதான் இருந்தது. மச்சான் ஊரோடு வந்து இருக்க வேண்டும்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் கடலுக்கு ஒரு துளையிடும் கப்பல் வந்தது. அடியில் எரிவாயு இருக்கிறதா, இருந்தால் எடுத்து விற்கக் கட்டுப்படியாகுமா என்று கணித்துச் சொல்லும் குழுவில் எனக்கும் வேலை கிடைத்தது. ராத்தாவின் கணக்கு எங்கள் கணக்கைவிடச் சுருக்கம். காஸ் வந்தால் பாலாவிப் பக்கம் தொழிற்சாலை வரும். தொழிற்சாலை வந்தால் லொறி வரும். லொறி வந்தால் மச்சான் வருவார். கப்பல் கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில் நின்றது. அப்படியிருந்தும் ராத்தா அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரைக்குப் போய், பட்டம் கட்டிக்கொண்டு அலையில் சறுக்கும் வெள்ளைக்காரர்களுக்கு அப்பால், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். வந்து, “ஒண்டும் தெரியல்ல, ஆனா அங்கதான் நிக்கிது” என்பார்.

துளையில் எரிவாயு இருக்கிறது என்று ஒரு நாள் வானொலியில் செய்தி வந்தது. அன்றே ராத்தா நேத்திக் கடனைத் தீர்க்க இறங்கிவிட்டார். காஸ் கண்டால் நெய்ச்சோறு ஆக்கிப் பகிர்வதாக நேர்ந்திருந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் சட்டி ஏறியிருந்தது.

“பொறுங்க ராத்தா, கண்டதுதான். எடுக்கலாமா எண்டு இன்னும் பார்க்கோணும்” என்றேன்.

“போடா, கண்டாச்சி எண்டு ரேடியோவே சொல்லிட்டு. இனி என்னத்தப் பார்க்கிற?”

அவர் நேர்ந்தது கண்டதற்குத்தான், வருவதற்கு அல்ல. அந்தச் சோற்றை நானும் தின்றேன், நல்ல ருசி. அந்தக் கிழமையே புத்தளம் போய் அடுப்பு வாங்கினார். மச்சானும் கட்டாரில் வேலையை முடித்துக்கொண்டு, போர்வையும் பால்மாவும் நிறைந்த பெட்டிகளோடு வந்து இறங்கினார். சில மாதங்கள் அந்த வீட்டில் ஆண் குரல் கேட்டது. ராத்தா அந்த நாட்களில் காரணமே இல்லாமல் சிரிப்பார்.

நாங்கள் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து கணித்தோம். எவ்வளவு கிடக்கிறது, எவ்வளவு ஆழம், கரைக்குக் குழாய் இழுக்க என்ன செலவு பிடிக்கும், விற்றால் என்ன விலை. எப்படிப் புரட்டிப் போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது. நானும் சரிவராது என்றுதான் சொன்னேன். கணக்கில் பிழை இல்லை. இன்றைக்கும் அன்றைய விலையைத் தந்தால் அதையேதான் சொல்வேன். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கவலை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கன்டீனில் இடியப்பம் முடிந்திருந்தது, பாண் சாப்பிட்டேன்.

விஷயத்தை ராத்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். “காஸ் இரிக்கு ராத்தா. ஆனா எடுக்கிறது சரிவராது.”

ராத்தா என் பக்கம் திரும்பினார். “அல்லா தந்திட்டான். சரிவராதெண்டு சொல்ல நீங்க ஆருடா?”

மச்சான்தான் இடையில் புகுந்தார். “அவன விடுங்க புள்ள. அவன்ட வேலைய அவன் செஞ்சான். நான் என்ட வேலைக்குப் போறன்.” கட்டார்க்காரன் மறுபடி எடுக்கவில்லை. சவூதியில் கிடைத்த லொறிக்குப் போனார். அங்கேயே ஒரு பாலைவனத் தெருவில் லொறி புரண்டு மௌத்தானார். உடலும் வரவில்லை, அங்கேயே அடக்கினார்கள். செய்தி வந்தபோது ராத்தா அழவில்லை. நானும் அழவில்லை. வீடு நிறையச் சனம், யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள், நான் கதிரைகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு நாட்டில் காஸ் இல்லாமல் போன காலம் வந்தது. பாலாவிச் சந்தியில் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையாக அடுக்கிவிட்டுச் சனம் வெயிலில் காய்ந்தது. காஸுக்குப் பழகிய பெண்கள் சட்டி பானையோடு ராத்தாவின் விறகடுப்புக்கு வந்தார்கள். அவர் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. விறகைத் தள்ளிக் கொடுத்தார். அப்படி ஒரு நாள், எல்லோரும் போன பிறகு, அந்த அடுப்பு மேசையருகே நின்று என்னைக் கேட்டார்.

“உலகத்தில காஸ் விலை ஏறிட்டாமே. இந்த விலைக்குப் பார்த்தா எங்கட காஸ் சரிவருமா?”

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. “வந்தாலும் வரும் ராத்தா.”

“அப்ப அது இன்னும் அங்கதான் கிடக்கா?”

“ஓம். அப்படியே கிடக்கு.”

ராத்தா உறையைக் கழற்றினார். முந்தானையால் அடுப்பின் இரண்டு வாயையும் சுற்றிச் சுற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

“அவரையும் இஞ்ச கொண்டு வாறது சரிவராதெண்டுதான் சொன்னாங்க” என்றார். பிறகு உறையைத் திரும்பப் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துவிட்டார்.