விதைநெல் ஏறிய படகு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம் நடந்தது இது. முத்துப்பேட்டைப் பக்கத்து ஆற்றிலிருந்து மல்லிப்பட்டினம் கரைக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகில் போனோம். நான், என் வீட்டுக்காரர், இன்னும் பல் முளைக்காத எங்கள் மகள். கடல் பார்க்க ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை. ரோட்டில் போக வழியில்லாமல் போனது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. என் மாமனார் காலத்திலிருந்து ஒரே பண்ணையாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பம். ஆட்சி மாறி, தெருமுனைகளில் புதுக்கொடிகள் பறந்துகொண்டிருந்த காலம். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சொன்ன புதுசு. என் வீட்டுக்காரரும் அதை நம்பித் தாலுக்கா ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தார். அவ்வளவுதான், பண்ணை வீட்டில் எங்கள் முகத்தில் விழிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் சம்பா அறுவடையின்போது பண்ணையின் அடியாட்கள் ஒரு வரப்பிலும் எங்கள் ஆட்கள் எதிர் வரப்பிலுமாக நின்றார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. எங்கள் பங்கை நாங்கள் அறுத்து அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு, நெல்லைத் திருடிவிட்டோம் என்று பண்ணையார் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். நாங்கள் விதைத்து நாங்கள் களை பறித்த நெல்லுக்கு நாங்களே திருடர்கள்! இன்று சொல்லும்போதும் எனக்கு ஆறவில்லை.

இனி அந்த ஊரில் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. பேராவூரணி பக்கம் என் தாய்மாமாவுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் இருந்தன. ஆள் அனுப்பிக் கேட்டோம். மாமா கறாரான மனிதர். 'வெதையோட வந்தா நெலத்தைக் குத்தகைக்கு விடுறேன். வெறுங்கையோட வந்தா தோப்புல கூலி வேலைதான்' என்று சொல்லி அனுப்பினார். விதைக்கென்று தனியாகக் காயவைத்து எடுத்த ஏழெட்டு மூட்டை நெல்தான் எங்களிடம் மிச்சம். அது போய்ச் சேர்ந்தால் நாங்கள் சாகுபடிக்காரர்கள், சேராவிட்டால் கூலிக்காரர்கள். வண்டி கட்டிப் போனால் முதல் பாலத்திலேயே பண்ணை ஆட்கள் மறித்துப் போலீஸில் ஒப்படைத்துவிடுவார்கள்.

அப்போது கைகொடுத்தவர் ஒரு கருவாட்டுக்காரர். அறுவடைக் காலத்தில் கடற்கரை ஆட்கள் எங்கள் களங்களுக்குக் கூடையோடு வருவார்கள். கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கிப் போவார்கள். அப்படி வருஷம் தவறாமல் எங்கள் களத்துக்கு வருகிறவர் அவர். சொந்தமாக ஒரு வத்தை வைத்திருந்தார். ஆழமில்லாத எங்கள் பக்கத்துக் கடலுக்கென்று செய்த ஒடுக்கமான பாய்மரப் படகுக்குத்தான் அந்தப் பெயர். நடந்ததைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"கரையை ஒட்டியே போனா பொழுது சாயறதுக்குள்ள எறக்கி விட்டுடுவேன் தங்கச்சி. கடல்ல எவன் வந்து மறிக்கப் போறான்?" என்றார்.

துணைக்குத் தன் மச்சானையும் அழைத்து வந்தார். விடிந்ததும் ஆற்றங்கரையில் மூட்டைகளை ஏற்றினோம். எல்லாவற்றையும் படகின் ஒரே ஓரத்தில், கரைப்பக்கமாக அடுக்கச் சொன்னார் அவர். காலையில் காற்று கரையிலிருந்து அடித்துப் படகைக் கடல் பக்கம் சாய்க்கும், அதற்கு எதிர்ப்பாரமாக மூட்டைகள் கரைப்பக்கம் கிடக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து திரும்பிவிடும், உடனே பாரத்தையும் மறுபக்கம் தள்ளிவிட வேண்டும். இதற்கென்று வழக்கமாக மணல் மூட்டை வைத்திருப்பார்களாம். அன்றைக்கு மணலுக்குப் பதில் எங்கள் நெல்.

"கட்டிப்புடாதீங்க தம்பி. சும்மா கெடக்கட்டும். காத்து மாறுனா சட்டுனு தள்ளணும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் சுக்கானைப் பிடிக்கப் போனார்.

வண்டியில் பாரம் ஏற்றிப் பழகிய மனிதரிடம் போய்க் கட்டாதே என்றால் அவர் மனசு எப்படிக் கேட்கும்? வாய்க்கால் மதகில் வண்டி ஏறி இறங்கும்போது, கட்டாத மூட்டை தண்ணீரில்தான் கிடக்கும். அதிலும் என் வீட்டுக்காரருக்குக் கயிறு என்றால் ஒரு வெறி. அவர் கட்டிய மாட்டை அவிழ்க்க வேண்டுமானால் கொட்டகையைத்தான் பிரிக்க வேண்டும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அலையாத்திக் காட்டைத் தாண்டி, ஆறு கடலில் சேருமிடத்தில் படகு ஆடத் தொடங்கியதும் மேலே இருந்த ஒரு மூட்டை லேசாக நகர்ந்தது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. படகுக்காரர்கள் இருவரும் பாயில் கவனமாக இருந்த நேரம், கூடவே கொண்டுவந்திருந்த வண்டிக்கயிற்றைப் படகின் சட்டத்தில் கோத்து, காலால் உதைத்து இறுக்கி, மூட்டைகளைக் கட்டிப்போட்டார். அதன்மேல் எங்கள் கோரைப்பாயையும் போர்வையையும் போட்டு மூடினார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அதற்குப் பிறகு காலை முழுக்க நல்லபடியாகவே போனது. மச்சான்காரர் படகுக்கு வெளியே நீட்டியிருந்த பலகையில் போய் உட்கார்ந்துகொண்டு, படகு சாயச்சாய உடம்பைப் பின்னால் சாய்த்துச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் குளத்தில்கூட நீச்சல் வராது. பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் பல நாளைக்குப் பிறகு வாய் திறந்து பேசினார். மாமாவின் நிலத்தில் நாற்றங்காலை எந்த மூலையில் போடலாம், எரு எங்கே கிடைக்கும் என்று ஒரே பேச்சு. அவர் அப்படிப் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

அதிராம்பட்டினம் தாண்டியபின் காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. கடல் பக்கமாகத் தண்ணீரின் நிறம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மச்சான், பாரத்தைத் தள்ளு!" என்று படகுக்காரர் கத்தினார்.

மச்சான்காரர் பலகையிலிருந்து உள்ளே தாவி வந்து போர்வையை இழுத்தார். கயிற்றைப் பார்த்தார்.

"அய்யோ, எவன்யா இதைக் கட்டுனது!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்று கடலிலிருந்து அறைந்தது. படகு அப்படியே கரைப்பக்கம் சாய்ந்தது. பாரமும் அந்தப் பக்கம், காற்று தள்ளுவதும் அந்தப் பக்கம். படகுக்காரர் பாயைத் தளர்த்திவிட்டார். அப்படியும் படகு நிமிரவில்லை. ஓரம் முங்கித் தண்ணீர் மடை திறந்த மாதிரி உள்ளே வந்தது. என் வீட்டுக்காரர் முடிச்சோடு போராடினார். நனைந்த கயிறு, இறுகிப் போயிருந்தது. நகம் பெயர்ந்ததே தவிர முடிச்சு அசையவில்லை.

"அறுத்துக் கடல்ல தள்ளுங்க தம்பி! எல்லாரும் போயிருவோம்!"

படகுக்காரர் கத்தியதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மூட்டைகளின்மேல் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"வேணாம்ணே… வெதைண்ணே… வெதை…"

பக்கத்தில் பிள்ளை வீரிட்டு அழுகிறது. என் இடுப்புவரை தண்ணீர். அவர் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளையைச் சுக்கான் பிடித்திருந்த படகுக்காரர் மடியில் திணித்தேன். அவர் முட்டி இரண்டுக்கும் நடுவில் அவளை இடுக்கிக்கொண்டார். என் துணி மூட்டையில் கருக்கரிவாள் இருந்தது, அந்தத் தையில் கதிர் அறுத்த அதே அரிவாள். தவழ்ந்து போய்க் கயிற்றை அறுத்தேன். புரி புரியாக விட்டு, கடைசிப் புரி தெறித்ததும் மூட்டைகள் சரிந்து ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. என் வீட்டுக்காரர் விடாமல் பிடித்திருந்த மூட்டை மட்டும் தையல் பிரிந்து கிழிந்தது. மச்சான்காரர் அவர் இடுப்பைப் பிடித்து இழுக்காவிட்டால் அவரும் அதோடு போயிருப்பார். படகு ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. சுற்றிலும் தண்ணீரில் நெல் மஞ்சளாகப் பரந்து, அலையோடு ஏறி இறங்கியது.

அடியில் இரண்டு மூட்டை மிஞ்சியிருந்தன. உப்புத் தண்ணீர் குடித்த நெல் முளைக்காது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படகுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தண்ணீரை இறைத்துக்கொண்டே, "உசுரு இருக்கு தம்பி, அது போதும்" என்றார். என் வீட்டுக்காரர் கரை வரும்வரை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மல்லிப்பட்டினத்தில் மாமா வண்டியோடு காத்திருந்தார். படகையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்ன சொல்லிலிருந்து அவர் மாறவில்லை. மறுநாளே என் வீட்டுக்காரர் தோப்பில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் சுமக்கப் போனார். நான் அடுத்தவர் வயலில் நாற்று நடப் போனேன். எங்கள் காலம் அப்படியே ஓடியது.

என்னை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். அவர் பேச்சே குறைந்துபோனது. மகளுக்கு ரிப்பன், பொரி உருண்டை, பள்ளிக்கூடப் பை என்று எது கேட்டாலும் வாங்கி வருவார். ஆனால் அவளைத் தூக்க மாட்டார். அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் மரம் மாதிரி நிற்பார். நெல் போய் இவள் மிஞ்சிவிட்டாளே என்று நினைக்கிறாரோ என்று எனக்குள் ஒரு கசப்பு. அந்தக் கசப்போடுதான் அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன். அந்தப் படகைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. அவள் படித்து நர்ஸ் ஆகி வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள்.

அவர் படுக்கையில் விழுந்தது அதற்கும் பல வருஷம் கழித்து. மகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"கயித்தை அறுக்கையில புள்ளைய எங்க வெச்ச?" என்று கேட்டார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"படகுக்கார அண்ணங்கிட்ட குடுத்தேங்க. முட்டிக்கு நடுவுல இடுக்கி வெச்சிருந்தாரு."

தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார்.

"நான் பாக்கவே இல்லையே… அப்பறம் எந்தக் கையால அவளைத் தூக்குறது?"

சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அந்தக் கயிற்றை இன்னொரு தடவை அறுக்கச் சொன்னாலும் அறுப்பேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அவர் நெல்லை நினைத்துத்தான் வாயடைத்துப் போனார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, ஒரு தடவைகூட "என்னங்க?" என்று கேட்காமலே அத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து தீர்த்துவிட்டேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.