ஆமென் சொல்வதற்குள் ஓடிய ஓட்டம்

என் தாய்மாமா வேதமுத்து கிரிக்கெட் மட்டையைக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை. பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் காலைத் தூக்கி வழிவிடுவார். ஆனாலும் பாளையங்கோட்டையில் அவர் பூகோளம் சொல்லிக்கொடுத்த மிஷன் பள்ளிக்கூடம் எந்தப் பந்தயம் ஆடினாலும், வேப்பமரத்தடி மேஜையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவர் அவர்தான். அந்த நாற்காலிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. ஸ்கோர் எழுதுகிறவருக்கு ஊரில் சிநேகிதர் குறைவு.

பந்து மட்டையில் பட்டு ஓடினால் ரன் அடித்தவன் பேருக்கு. காலில் பட்டு ஓடினால் பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு உண்டு, அவன் பேருக்குக் கிடையாது. லெக் பை என்பார்கள். மட்டையா காலா என்பதை அம்பயர் கை காட்டிச் சொல்ல வேண்டும். அம்பயராக நிற்கும் வாத்தியார்கள் வெயிலில் அதைப் பாதி மறந்துவிடுவார்கள். அப்போது மாமாவே தீர்மானிப்பார். அவருடைய தீர்மானம் பெரும்பாலும் கால்தான்.

அப்படித்தான் ஒரு வருஷம் கிருபைராஜ் என்ற பையன் நாற்பத்தொன்பதில் நின்றுபோனான். அவன் அம்மா கெசியா, ஐம்பது அடித்துவிட்டான் என்று நம்பி அதிரசம் சுட்டு வீடுவீடாகக் கொடுத்துவிட்டாள். மறு ஞாயிறு கோயில் வாசலில் சாலோமி அத்தையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் சாலோமி, எம் மவன் அடிச்சதையெல்லாம் காலால அடிச்சதுன்னு எழுதுதாரே உன் வீட்டுக்காரர். அவன் என்ன கழுதையா, காலால அடிக்க?”

“கழுதைன்னு அவங்க எழுதலையே அக்கா. லெக் பைன்னுதான் எழுதியிருக்காங்க,” என்றாள் அத்தை.

அதற்கப்புறம் கெசியா கோயிலில் அத்தைக்குப் பக்கத்தில் பாய் போடுவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து அத்தை மாமாவிடம் கேட்டாள்: “ஒரே ஒரு ரன்னு. எழுதினா கை தேஞ்சா போயிரும்?”

“கை தேயாது. கணக்கு தேஞ்சிரும்,” என்றார் மாமா. அதற்கு மேல் பேசமாட்டார். அதிகம் பேசுகிறவர் அல்லர்.

அவர் வாய் திறந்து ஊர் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். கோயிலில் வேதபாடம் வாசிக்கிற பொறுப்பைச் சத்தியநேசன் ஐயர் அவருக்குக் கொடுத்திருந்தார். ஐயர்தான் எங்கள் சபைக்குக் குரு, பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாரும் அவரே. சனிக்கிழமை காலையிலேயே அத்தை, பாடம் வாசிக்க மாமா போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டுக் கொடியில் விரித்துவிடுவாள். தெருவில் போகிறவர்களுக்கு அது தெரிகிற மாதிரிதான் விரிப்பாள். கிரிக்கெட்டால் வருகிற வசவை எல்லாம் அந்தக் கோட்டுக்காகவே அவள் தாங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றும். பாடம் வாசிக்கும்போது மாமாவின் குரலே வேறு. கடினமான பெயர்கள் வரும் அதிகாரங்களில்கூட எங்கேயும் தடுக்காது. அந்தக் குரலை அவருக்கும் பிடிக்கும், சொல்லமாட்டார்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம், திருநெல்வேலி டவுனில் இருந்த பள்ளிக்கூடத்தோடு தை மாசம் ஒரு பந்தயம் உண்டு. அவர்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவர் நாறும்பூநாத பிள்ளை, கணக்கு வாத்தியார். நெற்றி நிறையத் திருநீறு. வண்டியில் வரும்போதே தம்முடைய செம்பில் குடிதண்ணீர் கொண்டுவந்துவிடுவார். எங்கள் கிணற்றில் குடிக்கமாட்டார். ஆனால் மாமாவோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து, வாழைச்சருகில் மடித்த ஒரே பொடி மட்டையிலிருந்து இரண்டு பேரும் மூக்குப்பொடி எடுப்பார்கள். ஓவர் முடிகிறபோதெல்லாம் ஒருவர் புஸ்தகத்தை மற்றவர் உரக்கப் படிக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட முறை.

“கால் வே.”

“மட்டை வே. சத்தம் கேக்கலையா?”

“அது உம்ம செம்பு உருண்ட சத்தம்.”

பந்தயம் முழுக்க இப்படித்தான் போகும். கடைசியில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே இருக்கும்.

டில்லியில் முடிசூட்டு விழா நடந்ததற்கு மறு மாசம் வந்த பந்தயம் எங்கள் மைதானத்தில். ஸ்திரீகள் நாங்கள் புளியமரத்தடியில் பாய் விரித்திருந்தோம். கெசியா வேண்டுமென்றே அடுத்த மரத்தடியில் இருந்தாள்.

எங்கள் வளாகத்தில் மத்தியானம் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தால், யார் எங்கே நின்றாலும் அங்கேயே தலை குனிந்து, கண்ணை மூடிப் பரமண்டல ஜெபம் சொல்ல வேண்டும். டவுன் பிள்ளைகளும் மரியாதைக்குத் தலை குனிந்து அசையாமல் நிற்பார்கள். அதனால் பந்தயமும் அந்த மணியோடு முடியும் என்று இரண்டு பள்ளிக்கூடமும் பேசி வைத்திருந்தன. மணி அடிக்கும்போது எந்தப் பக்கம் ரன் அதிகமோ, அந்தப் பக்கம் ஜெயம். பந்து கையை விட்டுப் போனபின் மணி அடித்தால், அந்தப் பந்து மட்டும் கணக்கில் சேரும்.

அன்றைக்கு டவுன்காரர்கள் முதலில் ஆடித் தொண்ணூற்று நாலு எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் தொண்ணூற்று இரண்டில் இருந்தபோது, மட்டையோடு நின்றவன் கிருபைராஜ். பந்து கையை விட்டுப் புறப்பட்டது. மணி அடித்தது. அவன் ஓங்கி அடித்தான்.

மைதானத்தில் எல்லாத் தலையும் குனிந்தது. இரண்டு அம்பயர்களும் குனிந்துகொண்டார்கள். பந்து ஒரு டவுன் பையனின் காலடியைத் தாண்டி உருண்டுபோயிற்று. அவன் சிலை மாதிரி நின்றான். நானும் கண்ணை மூடிவிட்டேன். ஜெபத்துக்கு நடுவே யாரோ தடதடவென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, கிருபைராஜும் எதிர் முனைப் பையனும் மூச்சுவாங்க நின்றார்கள். “மூணு! மூணு ஓடியாச்சு!” என்று எங்கள் பிள்ளைகள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள்.

பார்த்தது யார்? அம்பயர்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கூட்டம் வேப்பமரத்தடிக்கு வந்தது. நாங்களும் எழுந்து கிட்டே போனோம். ஐயர் நாறும்பூநாத பிள்ளையிடம் கேட்டார்: “பிள்ளைவாள், நீங்க கண்ணை மூடுற வழக்கமில்லையே. எத்தனை?”

டவுன் பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஒரு தடவை பொடி உறிஞ்சினார். “மூணு ஓட்டம் ஓடினதைப் பாத்தேன். எங்க பக்கம் தோத்துது. பொய் சொல்ல மாட்டேன்.”

ஆரவாரம் கிளம்பியது. மாமா மட்டும் பென்சிலைப் புஸ்தகத்தின்மேல் வைத்தபடி எழுதாமல் இருந்தார்.

“எழுதும் வேதமுத்து,” என்றார் ஐயர்.

மாமா தலை நிமிர்ந்து அத்தை நின்ற பக்கம் பார்த்தார். அன்றைக்குச் சனிக்கிழமை. வீட்டில் கோட்டு கஞ்சி வாங்கிக் காய்ந்துகொண்டிருந்தது.

“ரெண்டுதான் ஐயரே,” என்றார். “ரெண்டாவது ஓட்டத்துக்குத் திரும்புறப்ப அவன் மட்டை சுண்ணாம்புக் கோட்டைத் தொடலை. ஒரு முழம் இங்கனயே திரும்பிட்டான். அந்த ஓட்டம் சேராது.”

“நீர் எப்படிக் கண்டீர்?”

பாடம் வாசிக்கிற குரல் அல்ல, மாமாவின் சாதாரணக் குரல்தான் வந்தது.

“நான் கண்ணை மூடலை ஐயரே. பந்து காத்துல நிக்கையில கண்ணு மூட மாட்டேங்கு.”

அத்தை என் கையைப் பிடித்தாள்.

“நாப்பத்தொன்பதுல நிறுத்தினது போதாதுன்னு இதுவுமா?” என்று பின்னாலிருந்து கெசியா கூவினாள். “எம் மவனுக்குன்னா இவர் கண்ணு தன்னால தெறந்துக்கிடும்!”

ஐயர் கையை உயர்த்தி அவளை அமர்த்திவிட்டுக் கிருபைராஜைக் கூப்பிட்டார். “ஏலே, நீ சொல்லு. மட்டையைக் கோட்டுக்குள்ள வச்சியா?”

பையன் மட்டையைக் கையில் உருட்டினான். “தெரியல ஐயரே.”

“ஓடினது நீதானே?”

“மணி அடிச்சிட்டே ஐயரே,” என்றான் அவன், அழுகிற மாதிரி. “நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஓடினேன்.”

முதலில் சிரித்தது டவுன் டிரில் வாத்தியார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஐயரும் தாடியைத் தடவி வாயை மறைத்துக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து இரண்டு என்று எழுதி, கூட்டி, தொண்ணூற்று நாலு என்று கோடு போட்டு, புஸ்தகத்தைப் பக்கத்தில் தள்ளினார். முறைப்படி நாறும்பூநாத பிள்ளை அதை உரக்கப் படிக்க வேண்டும்.

“மூணுன்னு பத்துப் பேரு முன்னால சொன்ன என்னை இப்படி ஆக்கிட்டீரே வே,” என்றார் பிள்ளை. ஆனாலும் தம் புஸ்தகத்தில் மூன்றை அடித்து இரண்டாக்கிவிட்டு, படித்தார். ஜெயமும் இல்லை, தோல்வியும் இல்லை. போகும்போது பொடி மட்டையை மாமாவிடம் நீட்டாமலே மடியில் செருகிக்கொண்டு வண்டி ஏறினார். அதைப் பார்த்துத்தான் மாமாவின் முகம் வாடியது.

எல்லாரும் கலைந்தபின் ஐயர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “வேதமுத்து, ஈஸ்டர் பண்டிகை வரைக்கும் பாடத்தை வேற ஆள் வாசிக்கட்டும்.”

“சரி ஐயரே.”

“ஸ்கோர் நீர்தான் எழுதணும். அதுக்கு வேற ஆள் கிடையாது.”

வீட்டில் அத்தை கொடியிலிருந்து கோட்டை எடுத்து மடித்தாள். சோறு போடும்போது, “ஒரு முழமா? இல்ல, சாண் இருக்குமா?” என்று கேட்டாள். “முழந்தான்,” என்றார் மாமா. அத்தை இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் கோயிலில் வேறொருவர் வாசித்தார். பெயர்கள் வந்த இடத்திலெல்லாம் தடுக்கிற்று. மாமா பின்வரிசையில் உட்கார்ந்து, தடுக்கிய இடத்திலெல்லாம் உதட்டை மட்டும் அசைத்தார். கெசியா பாயைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தைக்குப் பக்கத்திலேயே போட்டாள். “ஓடுற ஓட்டத்துலயும் கண்ணை மூடியிருக்கான் பாரு எம் புள்ள. அப்படிப் பக்தி,” என்று அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பது பேச்சை அதற்கப்புறம் அவள் எடுக்கவே இல்லை.

ஈஸ்டருக்கு மாமா மறுபடி வாசித்தார். அடுத்த தை மாசம் டவுன் வண்டிகள் பாலம் தாண்டி வந்தபோது, நாறும்பூநாத பிள்ளை ஒன்றும் நடவாததுபோல பெஞ்சியில் உட்கார்ந்து, பொடி மட்டையைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். அன்றும் கடைசி வரை இழுபறிதான். மணி அடித்தது.

பிள்ளை பைய மாமாவின் தோளைத் தொட்டார். “நீர் மூடும் வே. நான் பாத்துக்கிடுதேன். இந்தத் தடவை கோட்டையும் பாக்குதேன்.”

மாமா இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஜெபம் முடிகிற வரை கையை எடுக்கவில்லை. ஆமென் சொன்ன மூச்சிலேயே கேட்டார்:

“எத்தனை வே?”

“பந்தே போடலை வே. எல்லாவனும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கான்.”