வேப்பிலை கசந்ததா என்று பார்த்தவர்

‘ஐப்பசி, வெள்ளிக்கிழமை, வலங்கைமான். ஊர்மக்களுக்குப் பாம்புக்கடி பற்றிய ஆவணப்படம் திரையிட்டோம்’ என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அன்று திரை கட்டிய மைக்செட்காரர், ஒயரை முழங்கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக என் பக்கத்தில் நின்றார். கடிபட்ட ஆப்பிரிக்கச் சிறுமியின் இமைகள் சரிவதைப் படம் காட்டியதும் என் காதருகே குனிந்தார்.

“கண்ணு சொருகுறது விஷத்தாலயா சார்?”

“ஆமாங்க. ஏன்?”

“மத்தியானம் என் வீட்டுக்காரிய வயல்ல பாம்பு கடிச்சுது. மந்திரிச்சவரு வேப்பிலைய மெல்லச் சொன்னாரு, கசக்குதுன்னு சொன்னா. கசந்தா விஷம் ஏறலன்னு சொல்லிட்டாரு. இப்ப போன்ல, கண்ணத் தொறக்க முடியலங்கிறா.”

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பைக் கிளம்பிவிட்டது.

மறுநாள் மைக்செட்டை எடுக்க வேறொருவர் வந்தார். மைக்செட்காரரின் மனைவியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக மட்டும் சொன்னார். அந்தப் பெண் பிழைத்தாரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.