பச்சை பட்டன் அண்ணன், சிவப்பு பட்டன் தம்பி

போன ஞாயிறு கறிச்சோறு சாப்பிடத்தான் திருப்புலிவனத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனேன். கிடைத்தது பஞ்சாயத்து!

என் மனைவிக்கு இரண்டு அண்ணன்கள்: ஏழுமலை, தனசேகர். பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியுமா? அதனால் ஒரு நாள் அண்ணன் மோட்டார் போடுவார், மறுநாள் தம்பி. இதைத்தான் ஆங்கிலத்தில் 'டேக் டர்ன்ஸ்' என்கிறார்கள். முறை வைத்துச் செய்வது. இதற்கு அர்த்தம் கேட்டு இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதிய வாசகி குறித்துக்கொள்ளவும். 'த பிரதர்ஸ் டேக் டர்ன்ஸ்...' – எழுதிப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது!

சனிக்கிழமை அண்ணன் முறை. அன்று பார்த்து நாள் முழுக்க கரண்ட் இல்லை. இருவர் வயலிலும் நெல் பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் அத்தனையும் பதர். ஞாயிறு காலையில் இருவருமே மோட்டார் கொட்டகையில் நின்றார்கள்.

"நேத்து கரண்டு இல்லடா. அந்த மொறைய இன்னிக்கு எடுத்துக்கினா இன்னா?" என்றார் ஏழுமலை.

"கரண்டு இல்லன்னா அது உன் தலையெழுத்துண்ணா. இன்னிக்கு என் மொற!" என்றார் தனசேகர்.

"மாப்ள, நீங்களே சொல்லுங்க" என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

அண்ணன் பச்சை பட்டனை அமுக்கினார். மோட்டார் ஓடியது. தம்பி சிவப்பை அமுக்கினார். நின்றது. பச்சை... சிவப்பு... பச்சை... சிவப்பு... அப்போது மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர், முறை தவறவே இல்லை!

குப்பென்று புகை. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது 'காயில்', எரிந்துவிட்டது.

"இன்னிக்கு உன் மொறன்னியே... நீயே ரிப்பேர் பண்ணு" என்றார் அண்ணன்.

"நேத்து மொறைய நீதான ஓட்டிக்கினு இருந்த?" என்றார் தம்பி.

கவனித்தீர்களா? தண்ணீர் என்றால் என் முறை, ரிப்பேர் என்றால் உன் முறை. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? ரிமோட் என்றால் என் முறை... தோசைக்கல் கழுவுவது என்றால்?

கடைசியில் தனசேகரின் மனைவிதான் வந்து அதட்டினார். "ரெண்டு பேரும் இங்கியே சண்ட போட்டுக்கினு இருங்க. அங்க பயிரு காஞ்சி பூடும்!"

தம்பி மொபெட் ஓட்ட, அண்ணன் பின்னால் மோட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, உத்திரமேரூர் போனார்கள். நானும் பைக்கில் பின்தொடர்ந்தேன். காயில் கட்டும் கடையில் வாசல் வரைக்கும் மோட்டார்கள்.

"வந்த வரிசப்படிதான் பார்ப்பேன். உங்க மொற வர நாலு நாளாவும்" என்றார் மெக்கானிக்.

அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"மொறையாவது ஒண்ணாவது... மொதல்ல எங்களுத கட்டிக் குடுப்பா!"

இரண்டு பேர் வாயிலிருந்தும் 'எங்களுது' என்று வந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ!