போடிமெட்டுக்கு ஒரே நாளில் இரண்டு முறை ஏறிய லாரி

போன தை மாதம், இரண்டாவது சனிக்கிழமை. பூப்பாறையில் குடியிருந்த என் தங்கைக்குத் தேனிக்கு மாற்றல் வந்துவிட்டது. போடியில் வீடு பிடித்தவள், சாமான்களை இறக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். லீவு கிடைக்கவில்லையாம். மலைப்பாதை என்றாலே எனக்கு ஆகாது. கூடப்பிறந்த பாவம், போனேன்.

முதல் நாளே போடியில் ஒரு லாரி செட்டில் பதினாலடி வண்டி பேசியிருந்தேன். போகவர ஏழாயிரம் ரூபாய், ஏற்றுகூலி இறக்குகூலி தனி. காலை ஆறே காலுக்கு வண்டி வந்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு பெண். பக்கத்திலும் ஒரு பெண். ‘செத்தோம்டா சாமி’ என்றுதான் முதலில் நினைத்தேன். நானும் பெண்தான், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓட்டியவர் பேச்சியம்மாள், சிலமலைக்காரர், வயது நாற்பத்திரண்டு. பதினைந்து வருடம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். பக்கத்தில் இருந்த மாரீஸ்வரிக்கு முப்பது வயது. எட்டு வருடமாக லாரி ஓட்டுகிறார், இப்போது பேச்சியம்மாளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அந்த செட்டில் புதிதாகச் சேரும் பெண்களை அனுபவப்பட்ட டிரைவரோடு சேர்த்து நாற்பது நடை அனுப்புகிறார்கள். கடைசி நடையில் பயிற்சி கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால் வண்டி கிடைக்கும். இல்லையென்றால் பேச்சியம்மாள் திரும்பவும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

“இன்னைக்கு நாப்பதாவது நடைங்க்கா,” என்றார் மாரீஸ்வரி.

முதலில் பேச்சியம்மாளை ஓர் ஆண் டிரைவரோடுதான் சேர்த்தார்களாம். “நல்ல மனுசந்தேன். ஆனா வளைவு வந்தா அவரு கையி ஸ்டேரிங்குக்கு வந்துரும். நாலு நடையும் அவருதேன் ஓட்டுனாரு, நான் சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்று சிரித்தார். வேறு ஆள் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். மாரீஸ்வரியோ வளைவு வந்ததும் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தவறிக்கூட நீண்டுவிடக் கூடாதாம். என்ன பொறுமை!

ஆறு முப்பத்தைந்துக்கு அடிவாரத்து முந்தலைத் தாண்டினோம். அங்கிருந்து மலை, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பேச்சியம்மாள் ஒரு நொடி தாமதமாகத் திருப்பினார். ஒன்பதாவதில் வண்டி அணைந்து, ஓரடி பின்னால் உருண்டது. நான் முருகா என்று கத்திவிட்டேன். பின்னால் தோட்ட ஜீப் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. மாரீஸ்வரி வாயைத் தவிர எதையும் அசைக்கவில்லை. “பிரேக்க விடாதீங்க. ஹேண்ட்பிரேக்கப் போடுங்க. இப்ப மொதக் கியரு.”

வண்டி ஓரத்தில் நின்றது. ஜீப் எங்களைத் தாண்டியது. அதன் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு, எங்களைப் பார்த்தபடி நாலு பெண்கள். “ஏ பேச்சி! வெரசா வாடீ!” என்று கத்திக்கொண்டே போனார்கள். பேச்சியம்மாள் முகம் செத்துவிட்டது.

“எறங்குறப்ப பூ மாதிரி எறக்குறீங்க. ஏறுறப்ப மட்டும் ஏங்க்கா இப்பிடி?” என்ற மாரீஸ்வரி, போகிற ஜீப்பையே பார்த்தார். பிறகு கேட்டார்: “ஜீப்புல நீங்க எங்க உக்காருவீங்க?”

“இந்தா, இவளுக மாதிரிதேன். கடைசியில.”

“சாயங்காலம் திரும்புறப்ப?”

“உள்ள சுருண்டு தூங்கிருவேன் தாயி. ஒடம்பு கேக்குமா?”

மாரீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டார். “பதினஞ்சு வருசமா மலைய முதுகால ஏறியிருக்கீங்கக்கா! எறங்குற ரோடுதேன் உங்க கண்ணுல இருக்கு. வளைவு தாண்டுன பெறகுதேன் அடையாளம் தெரியுது. தெரிஞ்ச மலைன்னு நெனைக்காதீங்க. இப்பத்தேன் மொதத்தடவ வர்றீங்க.”

மீதி எட்டு வளைவுகளை, ஊருக்குப் புதுசாக வந்தவர்போல எட்டிப் பார்த்துப் பார்த்து ஏறினார். ஒன்றிலும் பிசகில்லை. போடிமெட்டுக்கு ஏழு ஐம்பது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பூப்பாறைக்கு எட்டரை. சாமான் ஏற்றிப் புறப்படப் பதினொன்று. இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டில் சட்டம்கூட முனகவில்லை. ஒரு மணிக்கு முந்தலில் இருந்தோம்.

அங்கே மாரீஸ்வரி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். “எட்டு வளைவு பாத்துட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேங்க்கா. பதினேழும் பாக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க லோடோட இன்னொருக்கா ஏறலாமா? நீங்க வேணாம்னா வேணாம்.”

உள்ளே தங்கையின் பீரோ, ஃபிரிட்ஜ், கண்ணாடி வைத்த அலமாரி. அதுவும் காலியாக ஏறியபோதே உருண்ட வண்டி! பேச்சியம்மாள் என்னைப் பார்க்கவில்லை, கெஞ்சவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருப்புங்க,” என்றேன்.

ஒன்பதாவது வளைவில் நான் மூச்சுவிடவில்லை. வண்டி உறுமிக்கொண்டு, ஒரே சீராகத் திரும்பி ஏறியது. பதினேழாவது தாண்டியபோது என் கண்ணில் தண்ணீர். வெட்கமெல்லாம் இல்லை, அழுதேன்.

மேலே மணி இரண்டு இருபது. மாரீஸ்வரி கீழே இறங்கி, தாளை முன்சக்கரத்து மட்கார்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையோடு பையை எடுத்தார். “நான் பஸ்சுல வர்றேன்.”

“ஏன் தாயி, வண்டியிலயே வா.”

“இனிமே நான் உள்ள உக்காந்தா அது பயிற்சிதேங்க்கா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார். பேச்சியம்மாள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து இரண்டு நிமிடம் வாய்விட்டு அழுதார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்து, “போவமாக்கா?” என்றார். தங்கை வீட்டில் சாமான் இறங்கும்போது மணி நாலரை. அவள் போனில் திட்டியதை இங்கே எழுத முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: போடியிலிருந்து போடிமெட்டு, வண்டி மீட்டரில் இருபத்தேழு கிலோமீட்டர். காலை ஆறரைக்கு முன் முந்தலைத் தாண்டினால் ஜீப் நெரிசல் குறைவு. வீட்டுச் சாமான் கொண்டுவந்தால் செக்போஸ்ட்டில் காட்ட ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். மலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. அது வளைவில் நின்றுபோனால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே ஒருத்தி, தோட்டத்துக்குத் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கலாம்.