அரண்மனைத் தோழிக்கு ஒரு தோழி

முதியோர் பராமரிப்பு என்பது வீட்டுக்கு வீடு நாடு மாறுகிற தொழில். காரும் சீருடையுமாய் டென்மார்க்கின் வைலே நகரைச் சுற்றும் சகபாடிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனக்கு வாய்த்த நாடு ஓர் அரசவை: முன்பு அரசிக்குத் தோழியாக இருந்த மூதாட்டியின் வீடு. பழைய இலக்கியத்துச் சேடி, பாங்கி எல்லாம் இவருக்குப் பொருந்தா. அவர்கள் காதலுக்குத் தூது போனவர்கள், இவர் பூச்செண்டு வாங்கியவர். நான் வைத்த பெயர் சீமாட்டி.

பூச்செண்டு

அரசிக்கு யார் எதைக் கொடுத்தாலும் பின்னால் நிற்கும் தோழி உடனே வாங்கிவிட வேண்டுமாம். அரசி வெறுங்கையோடுதான் மனிதரைச் சந்திக்க வேண்டும். முதல் நாள் நான் மருந்துப் பெட்டி, துவாய், தண்ணீர்க் கிளாஸ் சகிதம் நுழைந்தேன். சீமாட்டி எல்லாவற்றையும் பிடுங்கி மேசையில் வைத்தார். அவர் டேனிஷில் சொன்னதை யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன், அரசவை மன்னிக்கட்டும்: "நீங்கள் என்னைப் பார்க்க வரேல்லை, சாமான் இறக்க வந்திருக்கிறியள். வெளியில போய்த் திரும்பி வாங்கோ."

சக்கர நாற்காலி

குசினியில் ஒருமுறை விழுந்துவிட்டார். இனி தனியே இருக்கலாமா, முதியோர் இல்லமா என்று முடிவு செய்யக் கொம்யூன், அதாவது நகராட்சி, அதிகாரி வருவதாக ஏற்பாடு. அதிகாரி வருமுன் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வை என்று என் மேலாளர் உத்தரவிட்டார். அப்படி உட்கார்ந்தால் இல்லம் நிச்சயம் என்பது எனக்குத் தெரியும். சேர்ந்து வேலை செய்யும் சுகந்தி, "அக்கா, சொன்னதைச் செய்துபோட்டு வாங்கோ, ஏன் வில்லங்கம்?" என்றாள்.

நாற்காலியைச் சீமாட்டியிடம் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தார். பிறகு நான் அதை மடித்துக் காரில் போட்டேன், மேலாளருக்குத் தொலைபேசியிலும் சொன்னேன். ஏனென்றால் சீமாட்டி கேட்டது இது: "அரசி நிக்கேக்கை நான் ஒருநாளும் கதிரையில இருந்ததில்லை. இப்ப கொம்யூனுக்காக இருக்கவோ?"

நேர்காணல்

அதிகாரி வந்தார், நல்ல பிள்ளை. சீமாட்டி ஜன்னலோரம் நின்றார். "இருங்கோ" என்றார் அதிகாரி. "நீங்கள் முதலில்" என்றார் சீமாட்டி. வயதானவர் நிற்க எப்படி உட்காருவது? அவரும் நின்றார். ஆர் சமைக்கிறது, குளிக்க ஆர் உதவி என்று கேள்விகள் எல்லாம் நின்றபடியே நடந்தன. சீமாட்டி பதில் சொல்லிவிட்டு, வந்த பாதையில் காற்று எப்படி, அம்மா சுகமா, ஊர் எது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அரசவையில் பழகிய கதை அது, முடிவே இல்லாதது.

அவருக்கு அரை அடி பின்னால் நின்ற எனக்கு மட்டும் பாவாடைக்குள் முழங்கால் நடுங்குவது தெரிந்தது. அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை, இன்றும் வருந்தவில்லை.

அதிகாரி கால் மாற்றி மாற்றி நின்று பார்த்தார், சுவரில் சாய்ந்தார், கடைசியில் சோபாவில் விழுந்தார். அதன் பிறகே சீமாட்டி உட்கார்ந்தார், முதுகு சாயாமல். அதிகாரி சப்பாத்துக்குள் விரலை விட்டுக் குதியைத் தடவியபடி சொன்னார்: "இவ இஞ்சையே இருக்கட்டும். இல்லத்தில இடம் இருந்தால் எனக்குத் தாங்கோ."

உட்காரச் சொல்கிறவர்கள் எல்லோரும் நம் நன்மைக்காகவே சொல்கிறார்கள். அதை மறுக்கத்தான் இவ்வளவு கால்வலி பட வேண்டியிருக்கிறது.