ஓரம் வெட்டாத முர்தினி

திரையில் ஒரு கல்யாணம் ஓடுகிறது. முர்தினி மாப்பிள்ளையையும் பார்ப்பதில்லை, பெண்ணையும் பார்ப்பதில்லை. படத்தில் வட்டமாக என்ன இருக்கிறது என்று தேடுகிறார். மேளக்காரர்களின் பெரிய சேகண்டி கண்ணில் பட்டதும் படத்தை நிறுத்தி, அதன் மேல் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை ஸ்கேலை வைத்து அளக்கிறார். இரண்டும் சமமாகும் வரை படத்தின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கிறார். "சேகண்டி வட்டமா இருந்தா மனுஷங்களும் மனுஷங்களா இருப்பாங்க" என்பார். சேகண்டி இல்லாத வீட்டில் சாப்பாட்டுத் தட்டு, அதுவும் இல்லையென்றால் வண்டிச் சக்கரம்.

முந்திலான் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், என் ஜெராக்ஸ் கடையை ஒட்டி மூன்று முழ அகலத்தில் அந்த அம்மாவின் கடை. பழைய டிவிடியைக் கொடுத்தால், அகலத்திரை டிவியில் ஓடும்படி சுருக்கிப் பென் டிரைவில் போட்டுத் தருவார். டிவிடி தட்டைப் பாத்திர சோப்பால் கழுவி, பாத்திக் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பார். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் விழுமாம். உதவி செய்யப் போன என் கையில் ஒருநாள் ஸ்கேலாலேயே ஒன்று போட்டார். வலது கையில் பொரித்த தெம்பே சோயாத் துண்டும் பச்சை மிளகாயும் எப்போதும் இருக்கும். மவுஸைத் தொடுவது இடது கைதான்.

ஊரில் பாதிப் பேருக்கு அவரோடு சண்டை. பழைய படம் சதுரமானது, புது டிவி நீளமானது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். காசு கொடுத்துப் பெரிய டிவி வாங்கியவனுக்குப் பட்டையைக் கண்டால் வயிறு எரிகிறது. இழுத்து நிரப்பு என்பான், இல்லை மேலும் கீழும் வெட்டி நிரப்பு என்பான். முர்தினி இரண்டுக்கும் மசிய மாட்டார்.

போன ஆகஸ்டில் பாக் துகிஜான் (பாக் என்றால் எங்களூரில் ஐயா) அப்படித்தான் வந்து நின்றார். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் ஊர்க்கூட்டத்தில் போட, இரண்டு நாள் முன்பே ஒரு டிவிடி கொடுத்திருந்தார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஊர் பேட்மின்டன் இறுதி ஆட்டம். பரிசு ஒரு கிடா. கடைசிப் புள்ளியில் துகிஜான் அடித்த பந்து விழுந்தது. கோட்டோரம் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர் சர்வோனோ. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார்: வெளியே. கிடா எதிராளி வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து மச்சானும் மச்சானும் பேச்சில்லை. சர்வோனோ சிகரெட் வாங்கப் போனால்கூட எவனாவது கையை விரித்துக் காட்டிச் சிரிப்பான்.

"உள்ளதான் விழுந்துச்சுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அறுபத்தஞ்சு இஞ்ச்ல ஊரே பாக்கட்டும்" என்றார் துகிஜான். "கறுப்புப் பட்டையெல்லாம் வேணாம். வெட்டி நிரப்பிடு."

"வெட்டினா உங்க கால் போயிரும் பாக்."

"கால் எதுக்கு? மூஞ்சிதானே முக்கியம்!"

"நாளைக்குக் காலைல வாங்க. முழுசாப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

அவர் தலை மறைந்ததும் சர்வோனோ வந்தார். எதிர்க் கடை நிழலிலேயே காத்திருந்திருப்பார் போல.

"தட்டு ஓடலைன்னு சொல்லிடேம்மா."

"ஏன் பாக்? நீங்க பாத்ததைத்தானே சொன்னீங்க?"

"பாத்தேன். பாத்ததாத்தான் நெனைக்கிறேன். இத்தனை வருஷம் எல்லாரும் கை விரிச்சுக் காட்டிக் காட்டி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. தப்பா சொல்லியிருந்தேன்னா எம் மச்சான் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஓடாத தட்டைத்தான் ஓடலைன்னு சொல்லுவேன். இது நல்லா ஓடுது. நீங்களும் வாங்க."

மனிதர் தொங்கிய தோளோடு போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தீர்களே, பந்து உள்ளேயா வெளியேயா, அதையாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"பந்தை யாரு பாத்தா? ஓரத்துல ஒரு மோட்டார் சைக்கிள் நிக்குது. நான் அதோட சக்கரத்தைத்தான் பாத்தேன்."

மறுநாள் காலை அந்த மூன்று முழத்துக்குள் நாங்கள் நான்கு பேர். துகிஜான் சர்வோனோவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முர்தினி படத்தை ஓட்டினார். பட்டையைக் கண்டதும் துகிஜான் வாயைத் திறந்தார். தெம்பே பிடித்த கை உயர்ந்து அவரை அடக்கியது.

எல்லாரும் பார்த்த படம்தான். அன்றைய டிவியில் பந்து இறங்கும், படத்தின் அடியில் மறையும், சர்வோனோவின் கைகள் விரியும், அவ்வளவுதான். கோடு கேமராவிலேயே விழவில்லை என்றுதான் ஊர் நினைத்திருந்தது. இப்போது அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தரை கூடுதலாகத் தெரிந்தது. அதில் வெள்ளைக் கோடு.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார் துகிஜான்.

"தட்டுல எப்பவும் இருக்கு பாக். பழைய டிவிங்க நாலு ஓரத்தையும் கொஞ்சம் முழுங்கிடும். நீங்க வெட்டச் சொன்னதும் இதைத்தான்."

ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினார். பந்து இறங்கியது, இன்னும் இறங்கியது, தரையைத் தொட்டது. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே சிமெண்ட் பளிச்சென்று தெரிந்தது. வெளியே.

சர்வோனோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் பொய் சொல்லலை," என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். "அப்பாடா. நான் பொய் சொல்லலை." எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

துகிஜான் இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தரையில் இருந்த சர்வோனோவைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தினார். வலது கை டிவிடி அலமாரியில் முட்டியது; இடது கை முர்தினியின் காதருகே, பாதி மடங்கியபடி, நீள இடமில்லாமல் நின்றது.

முர்தினி நாற்காலியோடு நகர்ந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கை முழுதாக நீளும்வரை.